உட்கார்ந்த இடத்திலிருந்தே இயற்கைத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் மடங்காதவர்கள், குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்பவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், ஒரு கை மட்டும் சரியாக வேலை செய்பவர்கள், உடம்பில் ஒரு குறையும் இல்லை ஆனால் வீட்டில் இருப்பது ஒரு ஜன்னல் விளிம்புதான் என்பவர்கள், இவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் தொட்டியில் வளர்ப்பது பற்றித்தான் எல்லாமே. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் கேள்வியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எத்தனை தொட்டியோடு தொடங்கலாம்?

உடம்பு நன்றாக இருக்கும் நாளை நினைத்துக்கொண்டு இதற்குப் பதில் தேடாதீர்கள். வலி கூடுதலாக இருக்கிற நாள், தூக்கமில்லாத இரவுக்கு அடுத்த நாள், எழுந்து உட்காருவதே பெரும்பாடாக இருக்கிற நாள், அப்படிப்பட்ட ஒரு நாளில் எத்தனை தொட்டிக்கு உங்களால் தண்ணீர் ஊற்ற முடியும்? அந்த எண்ணிக்கைதான் உங்கள் தோட்டத்தின் அளவு. பெரும்பாலானவர்களுக்கு அது மூன்று அல்லது நான்கு. இதைக் கேட்டதும் முகம் வாடிவிடும், ஆனால் நல்ல நாளின் தெம்பில் இருபது தொட்டி வாங்கிவிட்டு, பிறகு ஒரு மோசமான வாரத்தில் அத்தனையும் காய்ந்து போவதைப் பார்த்து மனசு விட்டுப் போனவர்கள் நிறைய.

ஒரு பருவம் முழுக்க அந்த மூன்று நான்கை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் கூட்ட வேண்டுமென்றால், தொட்டியைக் கூட்டுவதற்கு முன்னால் வேலையைக் குறைக்கும் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தானாக நீர் எடுக்கும் தொட்டி, சொட்டுநீர்க் குழாய், குழாயடிக்குப் பக்கத்தில் ஓர் இடம். வேலை குறைந்தபின் அந்த மிச்சத்தில் புதுத் தொட்டி வைக்கலாம்.

தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

நின்றுகொண்டு, ஆனால் குனியாமல் செய்ய வேண்டும் என்றால் மண்ணின் மேற்பரப்பு 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, தொட்டி பக்கவாட்டில் இருக்கிற மாதிரி என்றால் 45 முதல் 60 செ.மீ. போதும்.

சக்கர நாற்காலிக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முழங்கால் உள்ளே போகிற மாதிரி மேசைத் தோட்டம் அமைத்தால் நேராகப் பார்த்து வேலை செய்யலாம், உடம்பைத் திருக வேண்டாம், அதுதான் நல்லது. ஆனால் முழங்கால் நுழைய மேசைக்கு அடியில் சுமார் 70 செ.மீ. இடைவெளி வேண்டும். அதற்கு மேல் 15 செ.மீ. ஆழத் தட்டு வைத்தால் விளிம்பு 85-க்கு வந்துவிடும், 30 செ.மீ. ஆழம் வைத்தால் 100-ஐத் தொடும், அந்த உயரத்தில் கையைத் தூக்கியே வேலை செய்தால் தோள்பட்டை போய்விடும். அதனால் மேசைமேல் ஆழமில்லாத தட்டும் அதில் கீரையும், பக்கவாட்டில் 50 செ.மீ. உயரத்தில் ஓர் ஆழப் பெட்டியும் அதில் தக்காளி, கத்தரியும் என்று பிரித்துக்கொள்வதுதான் என் தேர்வு.

அகலம்: ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை எட்டுகிறது என்றால் 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் போக முடிந்தால் 120 வரை போகலாம். நடைபாதை குறைந்தது 90 செ.மீ., சக்கர நாற்காலியைத் திருப்புகிற இடத்தில் 150 செ.மீ. விட்டம்.

இந்த எண்களெல்லாம் ஒரு தொடக்கம்தான். எதையும் வாங்குவதற்கு முன்னால் நீங்கள் வழக்கமாக உட்காரும் அதே நாற்காலியில், ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து, முன்பக்கம் சாயாமல் ஒரு சாக்குக்கட்டியைப் பிடித்துக் கையை இடமிருந்து வலமாக ஒரு வீச்சு வீசுங்கள். மேசையில் விழுகிற அந்த வளைகோட்டுக்கு உள்ளே இருப்பதுதான் உங்கள் தோட்டம். வெளியே நட்ட எதையும் பராமரிக்க முடியாது. இரண்டு கைக்கும் தனித்தனியாகக் கோடு போடுங்கள், பலருக்கு இரண்டும் ஒரே மாதிரி வராது.

பால்கனி, மொட்டை மாடி எடை தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் வரும், வர வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 30 செ.மீ. ஆழத்துக்கு மண் நிரப்பினால் அது 300 லிட்டர். சாதாரணத் தோட்ட மண் நனைந்தால் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், ஆக கிட்டத்தட்ட அரை டன். அதே அளவுக்குத் தேங்காய்நார் கலந்த லேசான கலவை என்றால் 250 கிலோ பக்கம் வரும். குடியிருப்புத் தளங்களுக்குப் பல நாடுகளின் கட்டட விதிகள் கணக்கில் எடுக்கும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ அளவில்தான் இருக்கிறது, அதில் நீங்களும் உங்கள் நாற்காலியும் அடக்கம்.

அதனால் லேசான கலவை, ஆழமில்லாத தட்டுகள், கனமானவற்றைச் சுவரோரமாகப் பரத்தி வைப்பது. நாலைந்து தொட்டிக்கு மேல் போகிறது, அல்லது கட்டடம் பழசு என்றால் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எந்தத் தொட்டி நல்லது?

எடை குறைவு என்பதால் எல்லோரும் துணி வளர்ப்புப் பையைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, குறைந்தபட்சம் நடமாட்டம் குறைந்தவர்களுக்கு. துணிப்பை நாலு பக்கமும் காற்று வாங்குவதால் சீக்கிரம் காய்கிறது, வெயில் நாளில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். தொட்டியைத் தூக்குவது பருவத்துக்கு ஒரு முறை, தண்ணீர் ஊற்றுவது தினமும். எந்த வேலையைக் குறைப்பது லாபம் என்று நீங்களே பாருங்கள். வெளிர் நிறப் பிளாஸ்டிக் தொட்டி போதும். கறுப்புத் தொட்டி வெயிலில் கொதித்து வேரை வேகவைத்துவிடும்.

பழைய பிளாஸ்டிக் டப்பா என்றால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2, 4, 5 எடுத்துக்கொள்ளலாம். 3, 6 வேண்டாம். பெயின்ட் டப்பா, பழைய டயர் இரண்டையும் உணவுப் பயிருக்குப் பயன்படுத்தாதீர்கள். சரக்குப் பலகைகளைப் பிரித்துப் பெட்டி செய்கிறவர்கள் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும்: ஆங்கிலத்தில் எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பரவாயில்லை, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடவே வேண்டாம்.

20 லிட்டர் தொட்டி நிரம்பி நனைந்தால் 15 முதல் 20 கிலோ வரை கனக்கும். அதனால் வெறும் தொட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டு அங்கேயே நிரப்புங்கள். நகர்த்த வேண்டியிருக்கும் என்றால் பூட்டு உள்ள சக்கரப் பலகைமேல் வையுங்கள், ஆனால் அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒருநாளும் முயல வேண்டாம். அது உருண்டுவிடும்.

மண் கலவையில் என்னென்ன?

கொள்ளளவில் பத்துப் பங்கு என்று வைத்துக்கொண்டால்: கோகோபீட் (தேங்காய்நார்த் தூள்) 4, நன்றாக மட்கிய உரம் 3, மண்புழு உரம் 1, பெர்லைட் (பொரிபோல் லேசான வெள்ளைக் கனிமத் துகள்) அல்லது உமி 2. மண்புழு உரம் நல்லதுதானே என்று பாதிக்குப் பாதி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றுவரை போதும், அதற்கு மேல் போனால் கலவை களிபோல் இறுகிக் காற்று நின்றுவிடும்.

கோகோபீட் 5 கிலோக் கட்டியாக வாங்காதீர்கள், 650 கிராம் செங்கல் அளவுக் கட்டிகளும் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து மேசைமேல் இருக்கும் வாளியில் போட்டு வெதுவெதுப்பான நீர் ஊற்றினால், ஓரங்கள் முதலில் உப்பி உதிரும், நடு மட்டும் கொஞ்ச நேரம் கல்லாகவே இருக்கும், அதைக் குத்திக் கிளற வேண்டாம், அப்படியே விட்டால் தானாகப் பூத்து எட்டு ஒன்பது லிட்டர் வரை ஆகும். பிறகு ஒரு துணிப்பையில் கட்டித் தண்ணீர் விட்டு அலசுங்கள். வடிகிற நீர் அடர்பழுப்பிலிருந்து வெளிறும்வரை. அதில் இருக்கும் உப்பு போனால்தான் நாற்றின் இலை நுனி கருகாது.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட வேண்டுமா?

வேண்டாம். எடை கூடுவதோடு வடிகாலும் கெடும். தொட்டி மண்ணின் அடிப்பகுதியில் எப்போதும் ஓர் ஈரப்பட்டை தங்கி நிற்கும், அது கல்லுக்குள் எளிதில் இறங்காது. கல் போட்டால் அந்தப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அடியில் நாலைந்து துளை, அதன்மேல் ஒரு துண்டு வலை. அவ்வளவுதான்.

தினமும் தண்ணீர் சுமக்க முடியாது. என்ன செய்வது?

தொட்டித் தோட்டத்தில் உடம்பை அடிக்கிற வேலை இதுதான். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. பத்து லிட்டர்ப் பூவாளியைக் கையை நீட்டிப் பிடித்துச் சாய்ப்பது மூட்டுவலிக்காரருக்குத் தண்டனை. என்னைக் கேட்டால், செலவழிக்க ஏதாவது இருந்தால் விதைக்கும் தொட்டிக்கும் முன்னால் இதற்குச் செலவழியுங்கள்.

முதல் வழி, அடியில் நீர்த்தேக்கம் உள்ள தொட்டி. வீட்டிலேயே செய்யலாம்: ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் இரண்டு வாளிகள், உள்வாளியின் அடியில் துளைகள், அதன் வழியாகக் கீழ்வாளியின் தண்ணீரில் தொங்கும் இரண்டு மூன்று துணித் திரிகள். பருத்தித் துணி சீக்கிரம் அழுகிவிடும், பாலியஸ்டர் துணி நிற்கும். மேலிருந்து கீழ்வாளிவரை ஒரு குழாயைச் செருகி, அதன் வழியாக நீர் ஊற்றுங்கள். கீழ்வாளியின் பக்கத்தில், உள்வாளியின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை இருக்கட்டும். அதிகமாகும் நீர் அதன் வழியே வெளியேறும், உங்களுக்கும் நிரம்பியது தெரியும். மண் தன்னால் நீரை மேலே இழுத்துக்கொள்ளும், ஆனால் அது ஓர் அளவுக்குத்தான், மண்ணின் ஆழம் 30 செ.மீ.க்கு மேல் போனால் மேல் பகுதி காயும். நாற்று நட்ட முதல் வாரங்களில் வேர் கீழே போகும்வரை மேலேயும் கொஞ்சம் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, புதைத்த மண்பானை. பூச்சு இல்லாத சின்னப் பானையைக் கழுத்துவரை தொட்டி மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால் அதன் சுவர் வழியே கசிந்து வேருக்குப் போகும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவு தானாகக் குறையும். சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த முறை இது, இன்றும் அப்படியே வேலை செய்கிறது. அகலத் தொட்டிக்குப் பொருந்தும், சின்னத் தொட்டியில் பானையே இடத்தை அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பேட்டரியில் ஓடும் நேரக்கருவியோடு சொட்டுநீர். ஒரு முறை யாரையாவது வைத்துப் பொருத்திவிட்டால் பிறகு பார்க்க வேண்டியது அடைப்பு மட்டும்தான்.

இது எதுவும் வேண்டாம் என்றால் இரண்டு லிட்டர்ப் பாட்டிலின் மூடியில் துளையிட்டு, அதையும் பாதி மட்டும் நிரப்பி ஊற்றுங்கள். நாலு நடை கூடினாலும் பரவாயில்லை, தோள் தப்பும்.

எப்போது ஊற்றுவது என்றால், விரலை 5 செ.மீ. விட்டுப் பாருங்கள். விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒரு மரக்குச்சியைச் செருகி எடுக்கலாம்: மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் இருக்கிறது, சுத்தமாக வந்தால் ஊற்றுங்கள். மேல்மண்ணை 3 முதல் 5 செ.மீ.க்குக் காய்ந்த இலையால் மூடாக்குப் போட்டால் பாதிக் கவலை தீரும்.

தேங்கிய நீரில் கொசு வராதா?

திறந்து வைத்தால் வரும். முட்டையிலிருந்து கொசு பறக்க வெப்பமான காலத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். நீர் ஊற்றும் குழாய்க்கு மூடி, வழிந்தோடும் துளைக்கு நுண்வலை, அடித்தட்டுகளை வாரம் ஒரு முறை கவிழ்ப்பது. குனிந்து கவிழ்க்க முடியாதென்றால் அடித்தட்டே வைக்காதீர்கள்.

உரம் என்ன, எவ்வளவு?

தரையில் இருக்கும் செடி வேரை நீட்டித் தேடிக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அந்த வாய்ப்பில்லை, தவிர ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் சத்தும் வடிகிறது. இயற்கை உரம் நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுத்தால்தான் செடிக்குக் கிடைக்கும், அதற்கு நேரம் பிடிக்கும், எனவே செடி வெளிறிய பிறகு போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. கீரைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, காய்ச்செடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பத்து லிட்டர்த் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மூடாக்கை விலக்கிப் போட்டு மீண்டும் மூடுங்கள். காய்ச்செடிக்கு மாதம் ஒரு முறை ஒரு மேசைக்கரண்டி வேப்பம்புண்ணாக்கும் சேர்க்கலாம்.

வாழைப்பழத் தோல் ஊறவைத்த நீர், முட்டை ஓட்டுத் தூள் இவற்றைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். தோல் ஊறிய நீரில் சத்து கொஞ்சம்தான், ஈக்கள் அதிகம். முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும். இரண்டையும் சமையலறைக் கழிவை உரமாக்கும் மண்புழுத் தொட்டிக்குள் போடுங்கள், அங்கே பயன்படும்.

அந்த மண்புழுத் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண உரக்குவியலைப் புரட்ட வேண்டும், இதைப் புரட்ட வேண்டியதே இல்லை, வேலையைப் புழு செய்கிறது. அடுக்குத் தட்டு வகை வாங்கினால் கனமான தட்டைத் தூக்கி மாற்ற வேண்டிவரும். அதற்குப் பதில் நீளமான ஒரே பெட்டியை மேசை உயரத்தில் வைத்து, இடது பாதியில் மட்டும் சில மாதம் கழிவு போடுங்கள், பிறகு வலது பாதிக்கு மாறுங்கள். புழுக்கள் உணவைத் தேடி வலப்பக்கம் போனதும் இடப்பக்க உரத்தைச் சின்னக் கரண்டியால் அள்ளிக்கொள்ளலாம். எதையும் தூக்க வேண்டாம்.

இயற்கையானது என்றால் ஆபத்தில்லாதது தானே?

இல்லை. புகையிலைக் கரைசலை இன்னும் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அதில் இருக்கும் நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் கடும் நஞ்சு, தக்காளி, மிளகாய்க் குடும்பத்துக்கு வைரஸ் நோயையும் கொண்டுவரும். விட்டுவிடுங்கள்.

பச்சைச் சாணமும் அப்படித்தான். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், மட்காத சாணம் போட்டால் மண்ணைத் தொடும் விளைபொருளை 120 நாள் கழித்தும், தொடாததை 90 நாள் கழித்தும்தான் அறுவடை செய்ய வேண்டும் என்கின்றன. 30 நாளில் அறுக்கிற கீரைக்கு அது ஒத்தே வராது. மட்கியது மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, வெளியில் வாங்கும் தொழு உரத்தில் சில நேரம் புல்வெளிகளுக்கு அடித்த களைக்கொல்லியின் மிச்சம் இருக்கும், மாட்டின் வயிற்றைத் தாண்டியும் அது அழியாது. புது மூட்டை வந்தால் ஒரு குவளையில் அந்த உரத்தைக் கலந்த மண்ணும், இன்னொரு குவளையில் உரம் சேராத மண்ணும் எடுத்து, இரண்டிலும் நாலைந்து பீன்ஸ் விதை ஊன்றிப் பாருங்கள். முதல் குவளையில் மட்டும் இலை சுருண்டு கிண்ணம் போல் குவிந்தால் அந்த மூட்டை வேண்டாம்.

பூச்சி வந்தால்?

முதலில் வந்திருப்பது தெரிய வேண்டும். அசுவினி, வெள்ளை ஈ, செம்பேன் எல்லாம் இலைக்கு அடியில்தான் இருக்கும், குனிந்து பார்க்க முடியாதவர்கள் அதைக் கவனிக்கும்போது பாதிச் செடி போயிருக்கும். ஒரு சின்னக் கண்ணாடியை நீளக் குச்சியில் கட்டி இலைக்கு அடியில் நீட்டுங்கள். நாற்காலியில் சாய்ந்தபடியே முழுச் செடியையும் பார்த்துவிடலாம். வாரம் இரண்டு முறை இதைச் செய்கிறவர்களுக்கு மருந்தடிக்கும் தேவையே பெரும்பாலும் வருவதில்லை.

கண்டதும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். மாவுப்பூச்சிக்குச் சோப்புநீரில் நனைத்த பஞ்சு. அடங்கவில்லை என்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்க ஒன்றிரண்டு மில்லி திரவச் சோப்பு. ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதில் அடியுங்கள். மாலையில்தான், தேனீக்கள் போன பிறகு. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் வீரியம் இருக்காது. விசையை அழுத்தி அழுத்தி அடிக்கும் பாட்டில் மூட்டுவலி விரல்களுக்கு ஆகாது, முதலிலேயே காற்றடைத்து வைக்கும் ஒரு லிட்டர்த் தெளிப்பான் நல்லது.

எந்தச் செடிகள் எனக்குப் பொருந்தும்?

ஆழத்தை வைத்துப் பார்த்தால், 15 முதல் 20 செ.மீ. போதும் என்பவை கீரைகள், லெட்யூஸ், முள்ளங்கி, கொத்தமல்லி, புதினா. பீன்ஸுக்கு 20 முதல் 25. கேரட், மிளகாய், கத்தரிக்கு 30. தக்காளிக்குக் குறைந்தது 30 செ.மீ. ஆழமும் 20 லிட்டரும் கொடுங்கள், அதற்குக் கீழே போனால் தண்ணீர் ஊற்றியே ஓய்ந்துவிடுவீர்கள்.

உடம்பை வைத்துப் பார்ப்பது இன்னும் முக்கியம். கொடி பீன்ஸ் நின்று பறிப்பவருக்கு வரம், குனியவே வேண்டாம்; உட்கார்ந்து பறிப்பவருக்கு எட்டாது, அவருக்குக் குத்துச்செடி பீன்ஸ். செர்ரித் தக்காளியை விரலால் இழுத்தாலே வரும், பெரிய தக்காளியை வெட்ட வேண்டிவரும். வெண்டைச் செடியின் சுணை தோலை அரிக்கும், காம்பும் கடினம், விரல் வலு குறைந்தவர்கள் தவிர்க்கலாம். மிளகாய்ச் செடி உறைபனி இல்லாத இடத்தில் சில ஆண்டுகள் இருக்கும், மறுபடி மறுபடி நடும் வேலை மிச்சம். வெளி இலையைப் பறிக்கப் பறிக்க உள்ளிருந்து வரும் கீரை வகைகளும் அப்படித்தான்.

இடைவெளிக்கு, அமெரிக்கப் பொறியாளர் மெல் பார்த்தலோமியு 1981-இல் பிரபலமாக்கிய கட்டக் கணக்கு எளிது: 30 செ.மீ. சதுரத்தில் முள்ளங்கி 16, குத்து பீன்ஸ் 9, லெட்யூஸ் 4, மிளகாய் 1.

வெயிலே விழாத ஜன்னல்தான் இருக்கிறது.

காய்ச்செடிகளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும், அதில் சமரசம் கிடையாது. மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் கீரை, புதினா வரும். அதுவும் இல்லையென்றால் மைக்ரோகிரீன்ஸ்: ஆழமில்லாத தட்டில் நெருக்கமாக விதைத்து 7 முதல் 14 நாளில் கத்தரித்துச் சாப்பிடும் இளங்கீரை. படுக்கையில் இருப்பவர்கள்கூட மடியில் தட்டை வைத்துச் செய்யலாம். எல்.இ.டி. விளக்கு என்றால் செடிக்கு மேல் 15 முதல் 30 செ.மீ. உயரத்தில், தினம் 12 முதல் 14 மணி நேரம்.

கை நடுங்குகிறது, சின்ன விதைகளைப் போட முடியவில்லை.

விதைநாடா செய்து வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய காகிதத் துண்டில் மைதாப் பசையால் இடைவெளி விட்டுப் புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு விதை ஒட்டிக் காயவிட வேண்டும். மேசையில் சாவகாசமாக உட்கார்ந்து நல்ல நாளில் நிறையச் செய்துவைக்கலாம், யாராவது கூட உட்கார்ந்தால் அரட்டையோடு முடிந்துவிடும். நடும் நாளில் நாடாவை மண்மேல் விரித்துக் கொஞ்சம் மண் தூவினால் போதும், காகிதம் தானாக மட்கிவிடும். கீரை விதை என்றால் மணலோடு கலந்து உப்பு தூவும் டப்பாவில் போட்டுத் தூவலாம். பெரிய விதைகளுக்கு ஒரு நீளக் குழாய்: அதன் ஒரு முனையை மண்ணில் வைத்து மறுமுனையில் விதையைப் போட்டால் குறி தப்பாது, குனியவும் வேண்டாம்.

கருவிகள்?

விலை உயர்ந்த சிறப்புக் கருவிகளுக்கு ஓட வேண்டாம். கையில் இருக்கும் கரண்டியின் பிடியில் குழாய்களுக்குச் சுற்றும் நுரை உறையைச் சுற்றி, மூன்று நான்கு செ.மீ. தடிமனாக்குங்கள், பிடிக்கும் வலி பாதியாகும். காசு போட வேண்டிய ஒன்று படிப்படியாக வெட்டும் கத்தரிக்கோல், அதாவது ஒரே அழுத்தில் வெட்டாமல் நாலைந்து லேசான அழுத்தில் வெட்டுவது. ஒவ்வொரு கருவியையும் ஒரு கயிற்றால் நாற்காலியோடு கட்டிவிடுங்கள், கீழே விழுந்தால் இழுத்துக்கொள்ளலாம். ஒரு கையால் வேலை செய்கிறவர்கள் தொட்டிக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டால் தொட்டியைப் பிடிக்க இன்னொரு கை தேவைப்படாது.

பார்வை குறைந்தவர்களுக்கு: தொட்டியின் குறுக்கே முடிச்சுப் போட்ட கயிறு, முடிச்சுக்கு ஒரு செடி. ஒவ்வொரு தொட்டியின் மூலையிலும் வாசனையில் வேறுபட்ட ஒரு செடி இருந்தால் எந்தத் தொட்டி என்பதை மூக்கே சொல்லிவிடும்.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு, சர்க்கரை நோயும் உண்டு. நான் மண்ணில் கை வைக்கலாமா?

உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, இந்த முன்னெச்சரிக்கைகளோடு செய்யுங்கள். தொட்டி மண், மட்கு உரம் இவற்றில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா இருக்கலாம், 1980-இல் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்டது, தூசியோடு உள்ளே போனால் நிமோனியா வரலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் உரமூட்டையிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். மூட்டையை முகத்திலிருந்து தள்ளி வைத்துத் திறங்கள், உடனே கொஞ்சம் நீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள், முகக்கவசம் போடுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள்.

காலிலோ கையிலோ உணர்ச்சி குறைந்திருந்தால் கையுறையும் மூடிய செருப்பும் கட்டாயம், வேலை முடிந்ததும் கீறல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி பத்து ஆண்டுக்குள் போட்டதாக இருக்கட்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முள்செடிகளை விட்டுவிடலாம்.

பூ நிறைய வருகிறது, காய் பிடிக்கவில்லை.

மேல்மாடிகளுக்குத் தேனீ குறைவாகத்தான் வரும். தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூக்களுக்கு அதிர்வு போதும்: பழைய மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்பின் பின்னால் ஒரு நொடி வைத்தால் மகரந்தம் உதிரும், காலையில் செய்யுங்கள். பூசணிக் குடும்பத்துக்கு ஆண்பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துப் பெண்பூவில் தடவ வேண்டும்.

காய் பிடித்த பிறகு தக்காளியின் அடிப்பகுதி கறுத்தால் அது பெரும்பாலும் நோயல்ல. நீர் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லை என்று மாறி மாறிப் போனால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. நீர்த்தேக்கத் தொட்டிக்கு மாறினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுசு நிரப்ப வேண்டுமா?

வேண்டாம், அவ்வளவு சுமை எதற்கு. பழைய செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள், வேர் உள்ளேயே மட்கட்டும். மேலிருந்து கால் பங்கை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு உரம் சேர்த்துவிடுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் ஒரே குடும்பம், அதே தொட்டியில் அடுத்து அவற்றை வைக்காமல் பீன்ஸோ கீரையோ வையுங்கள். வேரழுகல், வாடல் நோய் வந்த மண் என்றால் மட்டும் வேரோடு அகற்றி மாற்றுங்கள்.

என் அம்மாவுக்காக நான் அமைத்துக் கொடுக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

என்ன வளர்க்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள், நீங்கள் முடிவு செய்து கொண்டுவந்து வைக்காதீர்கள். மூட்டை தூக்குவது, தொட்டி நிரப்புவது, குழாய் பொருத்துவது போன்ற கனமான வேலைகளைப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரே நாளில் நீங்கள் முடித்துவிடுங்கள். அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். அவர் மெதுவாகச் செய்கிறார் என்று பாத்திரத்தைப் பிடுங்கி நீங்கள் ஊற்றினால், அந்தத் தோட்டம் அன்றோடு உங்களுடையதாகிவிடும், அவர் வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மருத்துவமனையில் சில நாட்கள் இருக்க வேண்டிவந்தால்?

தெரிந்து போகிறீர்கள் என்றால் முந்தின நாள் முற்றிய காய், பூ எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள், செடிக்கு நீர்த்தேவை குறையும். தொட்டிகளை நெருக்கமாக நிழலில் சேர்த்து வைத்து நீர்த்தேக்கங்களை நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கும்போது வாயால் சொன்னால் மறந்துவிடுவார், எந்தத் தொட்டிக்கு எத்தனை குவளை என்று ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் போக நேர்ந்து, திரும்பி வரும்போது எல்லாம் காய்ந்திருந்தால், உடனே பிடுங்கி எறிய வேண்டாம். மிளகாய், புதினா போன்றவற்றின் தண்டைக் கீழே நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மேலே வெட்டிவிட்டு, நீர் ஊற்றி, மூன்று வாரம் பொறுங்கள். துளிர்க்காத தொட்டிகளில் கீரை விதையைத் தூவிவிடலாம், உடம்பு தேறி வரும் நாட்களில் செய்வதற்கு அதைவிட லேசான வேலை இல்லை.